டிரைவரைக் கழுவுதல்: கிராபிக்ஸ் கார்டு மாற்றுவதில் ஒரு சடங்கு

"பழைய டிரைவரைச் சுத்தமா கழுவிட்டுத்தான் புது கார்டைப் போடணும். சேஃப் மோட்ல போய் டிடியூ ஓட்டு. அதுக்கும் சரியாகலன்னா ஃபார்மேட் அடிச்சிடு."

கிராபிக்ஸ் கார்டு மாற்றப் போகிற யாரும் இந்த மூன்று வாக்கியங்களில் இருந்து தப்ப முடியாது. பாண்டியில் கடைக்காரர் சொல்வார், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கார்டு வாங்கினால் பில்லோடு சேர்த்துச் சொல்லி அனுப்புவார்கள், தமிழில் வருகிற கணினி வீடியோக்களில் முதல் இரண்டு நிமிஷமே இதுதான். நானும் பல வருஷம் கேள்வி கேட்காமல் இதைச் செய்துகொண்டிருந்தவன்தான். கடந்த சில மாதங்களாக உட்கார்ந்து ஒவ்வொரு படியும் எதற்காக வந்தது, இன்றைக்கு அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்தேன். இந்த அறிவுரையில் கால்வாசி உண்மை, கால்வாசி பழைய உண்மை, மீதி பாதி வெறும் பயம். அந்தப் பயத்துக்கு ஆட்கள் கொடுக்கும் விலை சின்னது இல்லை என்பதால்தான் இந்தக் குறிப்பு.

முதலில் பழைய உண்மையைப் பார்ப்போம். இந்தச் சடங்கை ஆரம்பித்தவர்கள் முட்டாள்கள் இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஏடிஐ கார்டைக் கழற்றிவிட்டு என்விடியா போட்டால் நிஜமாகவே தலைவலி வரும். இரண்டு கம்பெனி டிரைவரும் சிஸ்டம் கோப்புறைக்குள் கோப்புகளைக் கொட்டும், ரெஜிஸ்ட்ரியில் எழுதும், நீக்கும்போது பாதியை விட்டுவிட்டுப் போகும். அடுத்து வந்த விஸ்டா டிரைவர் அமைப்பையே மாற்றிப் போட்டது. டிரைவரின் பெரும் பகுதி கெர்னலை விட்டு வெளியே வந்தது. கார்டு இரண்டு விநாடிக்கு மேல் பதில் சொல்லாமல் நின்றுபோனால் விண்டோஸே அதைத் தட்டி எழுப்பும் ஏற்பாடும் வந்தது. "டிஸ்ப்ளே டிரைவர் ஸ்டாப்டு ரெஸ்பாண்டிங்" என்று ஒரு செய்தி ஓரத்தில் வருமே, அது இந்த ஏற்பாட்டின் குரல்தான். நல்ல யோசனை. ஆனால் புது அமைப்புக்கு டிரைவர் எழுத கம்பெனிகளுக்கு நாள் பிடித்தது. "விஸ்டா கேப்பபிள்" வழக்கில் வெளியே வந்த மைக்ரோசாஃப்ட் உள் ஆவணங்களில் ஒரு கணக்கு இருக்கிறது: 2007இல் பதிவான விஸ்டா கிராஷ்களில் 28.8 சதவீதம் என்விடியா டிரைவரால் வந்தவை. மைக்ரோசாஃப்ட் சொந்தமாக விழுந்தது 17.9 சதவீதம், ஏடிஐ 9.3, இன்டெல் 8.8. கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று ஒரே கம்பெனி தலையில்! இன்னொன்றும் உண்டு. விஸ்டாவில் ஒரே நேரத்தில் இரண்டு கம்பெனி கார்டுகள் சேர்ந்து ஓடவே முடியாது. ஒரு டிரைவர்தான் இருக்கலாம். விண்டோஸ் 7 வந்த பிறகுதான் அந்தத் தடை விலகியது.

அந்தக் காலத்தில் அடிபட்டவர்கள் கண்டுபிடித்த வைத்தியம்தான் "சுத்தமா கழுவு". அன்றைக்கு அது சரி. என் குறை என்னவென்றால், நோய் மாறின பிறகும் மருந்துச் சீட்டு மாறவில்லை.

இன்றைய விண்டோஸ் 10, 11இல் கார்டைச் செருகினால் என்ன நடக்கிறது என்று பார்த்தாலே பாதி பயம் போய்விடும். ஒவ்வொரு கார்டும் இரண்டு எண்களைச் சொல்லும்: நான் எந்தக் கம்பெனி, நான் எந்த மாடல். கம்பெனி எண் என்விடியாவுக்கு 10டிஇ, ஏஎம்டிக்கு இன்னும் பழைய ஏடிஐயின் 1002. இன்டெல்லுக்கு 8086. (தங்கள் புகழ்பெற்ற சிப்பின் பேரையே அடையாள எண்ணாக எடுத்துக்கொண்டார்கள். இந்தக் குறும்பு எனக்கு எப்பவும் பிடிக்கும்.) விண்டோஸ் இந்த எண்களை எடுத்துக்கொண்டு தன் டிரைவர் ஸ்டோருக்குள் தேடும். டிரைவர் ஸ்டோர் என்பது சிஸ்டம்32க்குள் இருக்கும் ஒரு கிடங்கு. ஒவ்வொரு டிரைவர் பொதியும் அங்கே தனித்தனி அறையில் கிடக்கும். எந்தெந்த மாடல் எண்ணுக்கு நான் வேலை செய்வேன் என்று ஒவ்வொரு பொதியிலும் ஒரு பட்டியல் இருக்கும். எண் பொருந்தினால் ஏற்றும், பொருந்தவில்லை என்றால் மைக்ரோசாஃப்டின் அடிப்படை டிஸ்ப்ளே டிரைவரை வைத்துப் படம் காட்டும். கதை அவ்வளவுதான்.

இதில் இருந்து வருவது எளிமையான விஷயம். பழைய கார்டும் புது கார்டும் ஒரே கம்பெனி என்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இப்போது இருக்கிற டிரைவரின் பட்டியலில் புது கார்டின் எண் இருக்கிறதா? இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். அணைத்து, கழற்றி, மாட்டி, போடலாம். முதல் தடவை திரை இரண்டு மூன்று முறை கருத்து வெளுக்கும், பிறகு வந்துவிடும். இல்லை என்றால் மாற்றுவதற்கு முன்னாடியே புதிய டிரைவரைப் போட்டுவிடலாம். என்விடியாவின் ஒரே பொதி பல தலைமுறைக் கார்டுகளுக்குப் பொது என்பதால், பழைய கார்டு மாட்டியிருக்கும்போதே புது கார்டுக்கான டிரைவரையும் சேர்த்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். இவ்வளவு சுலபமான வழியை எந்த வீடியோவும் சொல்லாததற்கு ஒரே காரணம், சொன்னால் வீடியோ நாற்பது விநாடியில் முடிந்துவிடும்.

கம்பெனி மாறினால்? ஏஎம்டியிலிருந்து என்விடியாவுக்கோ எதிர்த்திசையிலோ போனால், பழைய கம்பெனியின் மென்பொருளைச் சாதாரணமாக நீக்கிவிட்டு மாற்றுவது நல்லது. அது டிரைவர்கள் சண்டை போடும் என்பதற்காக இல்லை. கார்டு இல்லாத டிரைவர் கிடங்கில் சும்மா தூங்கும், அதனால் ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் அதோடு வந்த கண்ட்ரோல் பேனல், பின்னணி சேவைகள், ஓவர்லே, வீடியோ ரெக்கார்டர் எல்லாம் விழித்துக்கொண்டு "என் கார்டு எங்கே, என் கார்டு எங்கே" என்று ஒவ்வொரு தடவையும் அழும். அதை நிறுத்தத்தான் நீக்கல். ஏஎம்டி இதற்கென்று தானே ஒரு துப்புரவுக் கருவி தருகிறது. என்விடியா இன்ஸ்டாலருக்குள்ளேயே "கிளீன் இன்ஸ்டால்" என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. தொண்ணூறு சதவீத ஆட்களுக்கு அதற்கு மேல் தேவைப்படாது என்பது என் கணிப்பு.

டிடியூவைப் பற்றித் தவறாக எதுவும் சொல்ல வரவில்லை. வாக்னார்ட்சாஃப்ட் இலவசமாகத் தருகிற அருமையான கருவி அது. என் விமர்சனம் அதன் பக்தர்கள் மேல். அதைச் செய்தவரே, ஒவ்வொரு டிரைவர் அப்டேட்டுக்கும் இதை ஓட்ட வேண்டியதில்லை, சிக்கல் வந்தாலோ கம்பெனி மாறினாலோ பயன்படுத்துங்கள் என்கிற மாதிரிதான் சொல்கிறார். ஓட்டுவதற்கு முன் இணையத்தைத் துண்டிக்கவும் சொல்கிறார். மருத்துவர் "தேவைப்பட்டால் ஒரு மாத்திரை" என்று எழுதியதை நம்மவர்கள் மூன்று வேளையும் விழுங்குகிறார்கள்.

விழுங்கினால் என்ன கெட்டுப்போகும் என்றுதானே கேட்பீர்கள்? கெடும்.

இணையத்தைத் துண்டிக்காமல் டிடியூ ஓட்டினால், டிரைவர் இல்லாத கார்டைப் பார்த்த அடுத்த நிமிஷம் விண்டோஸ் அப்டேட் தன்னிடம் இருக்கிற ஒரு பழைய பதிப்பைக் கொண்டுவந்து திணிக்கும். நீங்கள் அதே நேரத்தில் புதிய பதிப்பைப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். இரண்டும் மோதி நிற்கும். இல்லாத சண்டையைச் சடங்கே உண்டாக்கிவிடுகிறது! ஏஎம்டி பயனர்களுக்கு இது ரொம்பப் பழக்கமான கதை. விண்டோஸ் அப்டேட் உங்கள் டிரைவரை மாற்றிவிட்டிருக்கலாம் என்று ஏஎம்டி மென்பொருளே பெட்டி போட்டுச் சொல்லும் அளவுக்கு.

அடுத்தது சேஃப் மோட். எம்எஸ்கான்ஃபிக்கில் போய் "சேஃப் பூட்" டிக் அடித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்வார்கள். தினமும் நாலு இலக்க பின் போட்டு உள்ளே போகிற ஆளுக்குச் சில கணினிகளில் சேஃப் மோடில் பின் வேலை செய்யாது, மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். 2019இல் போட்ட கடவுச்சொல் யாருக்கு ஞாபகம் இருக்கும்? வெளியேயும் போக முடியாது, ஏனென்றால் அந்த டிக்கை எடுக்க உள்ளே போயாக வேண்டும். எத்தனை தடவை ரீஸ்டார்ட் செய்தாலும் அதே சேஃப் மோட். இதைவிடப் பெரியது பிட்லாக்கர். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்ளே நுழைந்தால் பெரும்பாலான கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடும். வன்பொருளிலோ பயாஸிலோ தொடக்க அமைப்பிலோ கை வைத்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். தன் கணினியில் பூட்டு இருப்பதே தெரியாத ஆளிடம் 48 இலக்கம் கேட்டால் அவர் முகம் எப்படி இருக்கும்! கார்டு மாற்றும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை டிடியூ இல்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் அந்தச் சாவி இருக்கிறதா என்று பார்த்து ஒரு காகிதத்தில் எழுதி வைப்பது. இதைச் சொல்கிற அறிவுரையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

(பாண்டியில் மட்டும் வரக்கூடிய ஒரு சிக்கலையும் இங்கே பதிந்துவிடுகிறேன். பிரான்சில் வேலை பார்த்துத் திரும்பியவர் ஒருவர் வீட்டுக் கணினியைப் பார்க்கக் கூப்பிட்டார். முழுக்க பிரெஞ்சு விண்டோஸ், விசைப்பலகையும் அங்கத்திய வரிசை. சேஃப் மோடுக்கு அவர்கள் பேர் "மோத் சான் எஷெக்". அதாவது தோல்வியில்லா முறை. கடவுச்சொல்லில் ஏ அடிச்சா க்யூ விழுது. நாலு தோல்விக்குப் பிறகுதான் தோல்வியில்லா முறைக்குள் போக முடிந்தது.)

இப்போது ஃபார்மேட். இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது.

எங்கள் தெருவில் இருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு தம்பி கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறார். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ வைத்திருந்தார், செகண்ட் ஹேண்டில் ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கிப் போட்டார். மாட்டினதும் படம் வந்தது, டிரைவர் ஏறியது, எல்லாம் சரி. ஆனால் வீடியோ எக்ஸ்போர்ட் போட்டால் பாதியில் கணினி படக்கென்று அணைந்து மறுபடி எழும். ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். "டிரைவர் கான்ஃப்ளிக்ட்" என்றார்கள். டிடியூ இரண்டு தடவை. மறுபடி அணைந்தது. "விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு, ஃபார்மேட்தான்" என்றார்கள். சரி என்று தலையாட்டிவிட்டார். டி டிரைவில்தான் எல்லாம் இருக்கிறது என்று நினைத்தார். இரண்டு கல்யாணத்தின் படங்கள் டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரில் இருந்தன. டெஸ்க்டாப் என்பது சி டிரைவ். அதுவும் எஸ்எஸ்டி. பழைய ஹார்டு டிஸ்க்காக இருந்தால் மீட்பு மென்பொருள் போட்டு ஓரளவு தோண்டலாம். எஸ்எஸ்டியில் ஃபார்மேட் ஆனவுடன் "இந்த இடம் காலி" என்று விண்டோஸ் டிஸ்க்குக்குச் சொல்லிவிடும், டிஸ்க் தன் பாட்டுக்குத் துடைத்துவிடும். அதற்குப் பேர் டிரிம். ஒரு கல்யாணத்தின் படங்கள் கேமரா கார்டில் இன்னும் அழியாமல் இருந்தன. இன்னொன்று போனது போனதுதான். தாலி கட்டினதைத் திரும்ப எடுக்க முடியுமா?

ஃபார்மேட்டுக்குப் பிறகும் எக்ஸ்போர்ட்டில் அணைந்தது. எஸ்எம்பிஎஸ் மாற்றினோம், நின்றது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம் என்பதுதான் வருத்தம். 1050 டிஐ 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டு, பெரும்பாலான மாடல்களுக்குத் தனி மின் இணைப்பே கிடையாது, மதர்போர்டு ஸ்லாட் கொடுக்கிற மின்சாரம் போதும். 3060க்கு 170 வாட். அவரிடம் இருந்தது கேபினட்டோடு சேர்ந்து வந்த மலிவு எஸ்எம்பிஎஸ். பளு ஏறும்போது மட்டும் படக்கென்று அணைகிறது, நீலத் திரை இல்லை, "டிரைவர் நின்றுவிட்டது" என்ற செய்தி இல்லை. டிரைவர் பிரச்சினை என்றால் விண்டோஸ் சாவதற்கு முன் ஏதாவது முனகும். முனகாமல் விழுந்தால் மின்சாரத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஈவென்ட் வியூவரைத் திறந்திருந்தால் "கெர்னல்-பவர் 41" என்று வரிசையாக இருந்திருக்கும். அது மட்டுமே இருந்து, பக்கத்தில் டிஸ்ப்ளே பிழை எதுவும் இல்லை என்றால் திசை தெரிந்துவிடும். ஐந்து நிமிஷ வேலை. "டிரைவர் கான்ஃப்ளிக்ட்" என்ற சொல் அந்த ஐந்து நிமிஷத்தைத் தின்றுவிட்டது. நோய் பார்ப்பதற்கு முன்பே வைத்தியம் தயாராக இருப்பதுதான் இந்தச் சடங்கின் உண்மையான கெடுதல்.

டிரைவர் தலையில் கட்டப்படுகிற மற்ற பழிகளும் இதே ஜாதிதான். கார்டு மாற்றினதும் திரையே வரவில்லை, லோகோகூட இல்லை என்றால் அதில் டிரைவருக்குச் சம்பந்தமே இல்லை. டிரைவர் விண்டோஸ் ஏறின பிறகுதான் மேடைக்கு வரும். 2025 மே மாதம் ஆர்டிஎக்ஸ் 5060 வரிசைக்கு என்விடியாவே ஒரு ஃபர்ம்வேர் கருவி வெளியிட்டது. சில மதர்போர்டுகளில் ரீபூட்டின்போது திரை இருண்டு போவதைச் சரிசெய்ய. பழைய பயாஸ் முறையை விட்டு யூஈஎஃப்ஐ முறைக்கு மாறிப் பாருங்கள் என்பதும் அதோடு வந்த ஆலோசனை. அந்த இருட்டில் எத்தனை பேர் பழைய கார்டைத் திரும்ப மாட்டி டிடியூ ஓட்டியிருப்பார்களோ.

வைத்திக்குப்பம் மாதிரி கடலை ஒட்டிய இடத்தில் இன்னொரு சந்தேகக் குற்றவாளி உண்டு: உப்புக் காத்து. மாசி மகத்துக்கு சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கிற அந்தக் கரையில் இருந்து கூப்பிடு தூரத்தில்தான் இங்கே பல வீடுகள். ஜன்னல் கம்பி மூன்று வருஷத்தில் உதிர்கிறது, கணினிக்கு மட்டும் என்ன விதிவிலக்கு? கார்டின் தங்க முலாம் பூசிய பற்களிலும் ஸ்லாட்டின் கம்பிகளிலும் மெல்லிய படலம் படியும். கார்டு சில நாள் கண்டுகொள்ளப்படும், சில நாள் காணாமல் போகும்; டிவைஸ் மேனேஜரில் கோட் 43 வரும். கார்டைக் கழற்றி, அதன் பற்களை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காயவைத்து மாட்டினால் "டிரைவர் பிரச்சினை" சரியாகிவிடும். கடைகளில் அழிரப்பர் போட்டுத் தேய்ப்பார்கள். அவசரத்துக்குச் சரி, அடிக்கடி செய்தால் முலாம் போய்விடும், துகளும் ஸ்லாட்டுக்குள் விழும்.

செகண்ட் ஹேண்ட் சந்தையில் வருவது வேறு ரகம். 2022 செப்டம்பர் 15 அன்று ஈத்தீரியம் தன் முறையை மாற்றியதும் கார்டு வைத்து அதில் காசு சுரண்டுவது ஒரே நாளில் நின்றது. கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. சுரண்டலுக்காக பயாஸ் திருத்தப்பட்ட ஏஎம்டி கார்டுகளை அசல் டிரைவர் கையெழுத்து சரிபார்த்து ஏற்க மறுக்கும். வாங்கினவர் டிரைவரைப் பத்துத் தடவை கழுவினாலும் பலன் இல்லை. கழுவ வேண்டியது கார்டின் பயாஸை. அதற்கும் முன்னாடி போலி 1050 டிஐ கார்டுகள் ஒரு அலையாக வந்தன. உள்ளே 2010 காலத்து ஃபெர்மி சிப், வெளியே 1050 டிஐ ஸ்டிக்கர், பயாஸிலும் பொய் எண். விற்றவன் கொடுத்த சிடியில் உள்ள டிரைவரோடு ஏதோ ஓடும். டிரைவரை அப்டேட் செய்தால் சிக்கல் ஆரம்பிக்கும். "அப்டேட் பண்ணேன், கார்டு செத்துப்போச்சு" என்பார்கள். சாகவில்லை, சாயம் வெளுத்தது. 2018இல் ஜிபியு-இசட் மென்பொருள் இந்தப் போலிகளை அடையாளம் கண்டு பேருக்கு முன்னால் "ஃபேக்" என்று எழுத ஆரம்பித்தது. பழைய கார்டு வாங்குகிறவர்கள் காசு கொடுக்கும் முன் அதை ஓட்டிப் பார்க்கலாம். இரண்டு நிமிஷம்.

இவ்வளவும் படித்துவிட்டு நான் என்விடியாவுக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் நினைக்க வேண்டாம். டிரைவர் நிஜமாகவே குற்றவாளியாக இருந்த சமயங்கள் உண்டு. 2010 மார்ச்சில் வந்த 196.75 பதிப்பு விசிறியின் வேகத்தைக் குழப்பி கார்டுகள் சூடேறுகின்றன என்று புகார் வந்து என்விடியாவே திரும்பப் பெற்றது. ஒரு மென்பொருள் வன்பொருளைக் கொல்லலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம். 2025 ஜனவரி கடைசியில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையோடு வந்த 572 கிளை டிரைவர்கள் பலருக்குத் திரையை இருட்டாக்கின. திருத்தத்தின் மேல் திருத்தமாக மாதக்கணக்கில் வெளியிட்டார்கள். அப்போது 30, 40 வரிசைக் கார்டு வைத்திருந்தவர்கள் 2024 டிசம்பரின் 566.36க்குத் திரும்பிப் போய் நிம்மதியாக இருந்தார்கள். 50 வரிசை வாங்கினவர் திரும்பிப் போக முடியவில்லை. ஏன்? 566.36இன் பட்டியலில் அவர் கார்டின் எண்ணே கிடையாது. அதிகக் காசு கொடுத்தவருக்குத்தான் பின்வாசல் இல்லை. டிரைவரைக் கழுவுவது இங்கே எதையும் தீர்த்திருக்காது. கெட்டுப்போனது பழைய எச்சம் இல்லை, புதுச் சரக்கே.

எண்ணைப் பற்றிய அந்தக் கேள்வி எதிர்ப்பக்கமும் வெட்டும். மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைகளுக்கு, அதாவது நம் ஊரில் இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடுகிற 750 டிஐ, 1050, 1060 கார்டுகளுக்கு, 580 கிளைதான் கடைசி. விண்டோஸில் அவற்றுக்கான வழக்கமான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும். இதை ஒரு குற்றமாக நான் பார்க்கவில்லை, 1060 வந்தது 2016இல். ஆனால் பழைய கார்டை வீட்டில் யாருக்காவது கொடுக்கும்போது அதற்கான கடைசி டிரைவரையும் பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள்.

லினக்ஸ் பக்கம் வந்தால் கதை தலைகீழ். நம் பகுதியில் பலர் லினக்ஸை முதலில் பார்த்தது 2011இல் தொடங்கிய தமிழ்நாட்டு அரசு லேப்டாப்பில். விண்டோஸுக்குப் பக்கத்தில் சென்னை சி-டாக்கில் டெபியனை வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத இயந்திரங்கள், அதனால் இந்தத் தலைவலி தெரியாமலே பழகினோம். தனி கார்டு என்று வந்தால் ஏஎம்டிக்கு டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. கெர்னலும் மீசா நூலகமும் ஃபர்ம்வேர் பொதியும் கார்டைவிடப் புதிதாக இருந்தால் போதும், நிறுவ ஒன்றும் இல்லை, நீக்கவும் ஒன்றும் இல்லை. என்விடியாவின் பழக்கம் எப்படி இருந்தது என்பதற்கு 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் லினஸ் டோர்வால்ட்ஸ் காட்டின விரலே சாட்சி. 2022 மே மாதம்தான் கெர்னல் பகுதியை மட்டும் திறந்த மூலமாக வெளியிட்டார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, அது பெரிய விஷயம். ஆனால் அதனால் கார்டு மாற்றுகிறவருக்கு ஒரு புதுப் பள்ளம் விழுந்தது. யாரும் சரியாக எச்சரிக்காததால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். திறந்த கெர்னல் மாட்யூல் 2018இன் டூரிங் தலைமுறையிலிருந்துதான் வேலை செய்யும், 1060க்கு ஆகாது. மூடிய மாட்யூல் பழையவற்றுக்கு ஓடும். ஆனால் 50 வரிசையான பிளாக்வெல்லை அது தொடாது. பதிப்பு எண் இரண்டுக்கும் ஒன்றே. 1060இல் மூடிய மாட்யூலோடு உபுண்டு ஓட்டிக்கொண்டிருக்கிற ஒருவர், பதிப்பு புதிதுதானே என்று 5060 டிஐ மாட்டி ஸ்விட்சைப் போட்டால் வெறும் கறுப்புத் திரையோ எழுத்துத் திரையோதான். மாற்றும் முன் பழைய கார்டிலேயே திறந்த மாட்யூலுக்கு மாற்றலாம் என்றால், அதைப் போட்ட கணத்தில் பழைய கார்டு வேலை செய்யாது. ஆற்றின் இரு கரைக்கும் பொதுவான படகு இல்லை. வழி இருக்கிறது: எஸ்எஸ்எச் வழியாக வேறு கணினியிலிருந்து உள்ளே நுழைய முடிகிறதா என்று முதலில் சரிபார்த்துவிட்டு, பொதியை மாற்றி, அணைத்து, கார்டை மாட்டலாம். செக்யூர் பூட் போட்டிருப்பவர்கள் மாட்யூல் கையெழுத்துச் சாவியையும் பதிய வேண்டிவரும். ரீபூட்டில் வரும் அந்த நீலத் திரையைப் பார்த்துப் பயந்து எதையும் அமுக்காமல் விட்டால் மாட்யூல் ஏறாது.

இதே காரணத்தால், வீட்டிலேயே மொழி மாதிரிகள் ஓட்டிப் பார்க்கிற நண்பர்கள் கேட்கிற "பழைய 1060ஐத் தூக்கிப் போடாம 5060 டிஐ பக்கத்துலயே ரெண்டாவது ஸ்லாட்ல வச்சுக்கலாமா, 6 ஜிபி கூடக் கிடைக்குமே" என்ற கேள்விக்கும் லினக்ஸில் பதில், முடியாது. இரண்டையும் ஒரே மாட்யூல் தாங்காது. விண்டோஸில் 580 கிளை இருக்கும்வரை இரண்டும் சேர்ந்து ஓடும். அதைத் தாண்டி அப்டேட் செய்தால் பழையது விழும். டூரிங்கில் வந்த 1660 என்றால் பிரச்சினை இல்லை.

அந்த நண்பர்களுக்கே இன்னொன்று. 50 வரிசைக்கு மாறியதும் பைடார்ச் "நோ கெர்னல் இமேஜ்" என்று கத்தினால் டிரைவரை நோண்டாதீர்கள். என்விடியா-எஸ்எம்ஐ கார்டைக் காட்டுகிறதா, டிரைவர் தன் வேலையை முடித்துவிட்டது. பழைய பைடார்ச் தொகுக்கப்பட்ட நாளில் உங்கள் சிப் பிறக்கவே இல்லை. கூடா 12.8க்குத் தொகுத்த பைடார்ச் 2.7 அல்லது அதற்கு மேல் போட்டால் ஓடும். கூடவே, 50 வரிசையில் 32 பிட் கூடா கிடையாது. அதை நம்பின பழைய மென்பொருள் ஏதாவது உங்களிடம் இருந்தால் மாற்றும் முன்பே பாருங்கள்.

போன வாரம் ஒருவர் தன் ஆர்எக்ஸ் 580ஐக் கழற்றிவிட்டு 4060 போட வந்தார். டிடியூவைப் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார். பிட்லாக்கர் சாவியை எழுதிக்கொண்டோம், புது டிரைவரை முதலிலேயே இறக்கி வைத்தோம், வைஃபையை அணைத்தோம், ஏஎம்டி மென்பொருளை ஆட்/ரிமூவில் போய் நீக்கினோம், அணைத்து கார்டை மாற்றி டிரைவரைப் போட்டோம். டீ வருவதற்குள் முடிந்துவிட்டது. பென் டிரைவை என்ன செய்வது என்று கேட்டார். வச்சுக்குங்க, என்றைக்காவது தேவைப்படும் என்றேன்.